வீட்டு வேலை கேள்வி பதில்: சின்ன ரூம் சுவத்துல மரப்பலகை

இந்த முறை வந்த கடிதங்கள்ல பலகை சுவர் பத்தி தான் நிறைய பேர் கேட்டிருக்கீங்க. அதனால மத்த கேள்விகளை அடுத்த இதழுக்கு வச்சுட்டு இதையே எடுத்துக்கறேன்.

கேள்வி: எங்க பெட்ரூம் 10க்கு 9 அடி, கிரவுண்ட் ஃப்ளோர். கட்டில் தலைமாட்டு சுவத்துல கீழ ரெண்டு அடிக்கு பெயிண்ட் உரிஞ்சு மாவா கொட்டுது. வருஷா வருஷம் பட்டி பார்த்து பெயிண்ட் அடிக்கிறோம், மழை முடிஞ்சா திரும்ப அதே கதை. கார்பெண்டர் அண்ணன் "பலகை அடிச்சு மூடிட்டா ஒண்ணும் தெரியாது, பார்க்கவும் அழகா இருக்கும்"னு சொல்றார். அடிச்சிடலாமா?
(வாசகி, மடிப்பாக்கம்)

பதில்: அடிக்கலாம்மா, ஆனா இப்ப வேண்டாம். ஒண்ணும் தெரியாதுன்னு அவர் சொல்றது உண்மை தான், எனக்கு பயமே அது தான். உங்க சுவத்துல மாவா கொட்டறது உப்பு. மண்ணுல இருக்கற ஈரம் செங்கல் வழியா மேல ஏறி வந்து, தண்ணி மட்டும் காத்துல ஆவியாகிப் போயிடுது, அதுல கரைஞ்சிருந்த உப்பு பூச்சுலயே தங்கி, பூத்து, பெயிண்டைத் தள்ளுது. பழைய கட்டடத்துல, கிரவுண்ட் ஃப்ளோர்ல இது சாதாரணமா மூணு அடி உயரம் வரைக்கும் வரும். இப்போதைக்கு அந்த ஈரம் ரூமுக்குள்ள வந்து ஃபேன் காத்துலயும் ஜன்னல் காத்துலயும் போயிட்டு இருக்கு. பலகை அடிச்சீங்கன்னா போக வழி இல்லாம பின்னாடியே நிக்கும். இருட்டு, ஈரம், மரம் மூணும் ஒரே இடத்துல இருந்தா கரையான் வராம இருக்குமா? அது உள்ள இருந்து தின்னுட்டு வெளிப்பக்கம் பெயிண்ட் தோல மட்டும் விட்டு வைக்கும், விரல் வச்சு அழுத்தினா உள்ள போகும்போது தான் உங்களுக்கே தெரியும். அதுக்குள்ள கட்டில் கால் வரைக்கும் போயிருக்கும்.

அதனால முதல்ல சுவத்தோட அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு போய்ப் பாருங்க. பாத்ரூமா, குழாய் போகுதா, ஏசி தண்ணி பைப் சுவத்தை ஒட்டி சொட்டுதா, செடி வைக்க மண்ணைக் குவிச்சு வச்சிருக்கீங்களா. தரையில இருந்து ஒரே மட்டத்துக்கு நீளமா ஊறியிருந்தா அது கீழ இருந்து ஏறற ஈரம், நடுவுல திட்டா வட்டமா இருந்தா பெரும்பாலும் பைப் லீக். வெளியில மண் குவியல் இருந்தா முதல்ல அதை எடுங்க, சில வீட்டுல அதுலயே பாதி பிரச்சினை தீர்ந்துடும்.

இன்னொரு சோதனையும் பண்ணுங்க, செலவே கிடையாது. ரெண்டு அடிக்கு ரெண்டு அடி பாலிதீன் ஷீட், இல்லைன்னா சமையலுக்கு வச்சிருக்கற அலுமினியம் ஃபாயில் எடுத்து, சுவத்துல வச்சு நாலு ஓரமும் டேப் போட்டு காத்து போகாம ஒட்டிடுங்க. ரெண்டு நாள் விட்டு எடுத்துப் பாருங்க. சுவத்தைப் பார்த்த பக்கம் நனைஞ்சிருந்தா ஈரம் சுவத்துக்குள்ள இருந்து வருது. ரூமைப் பார்த்த பக்கம் நனைஞ்சிருந்தா அது ரூம் காத்துல இருக்கற ஈரம், அதுக்கு ஜன்னலும் எக்ஸாஸ்ட் ஃபேனும் போதும். இந்த சோதனையை மழை முடிஞ்ச கையோட, டிசம்பர் ஜனவரியில பண்ணணும். மே மாசத்துல பண்ணிட்டு சுவர் நல்லா இருக்குன்னு நினைச்சுக்காதீங்க.

காரணத்தை சரி பண்ணி, உப்பு ஏறின பூச்சை நனைஞ்ச மட்டத்துக்கு மேலயும் ஒரு அடி சேர்த்துக் கொத்தி எடுத்துட்டு, வாட்டர்ப்ரூஃபிங் பண்ணி புதுசா பூசின பிறகும் காத்திருக்கணும். சுவர் காய ஒரு இஞ்ச் கனத்துக்கு ஒரு மாசம்னு ஒரு கணக்கு உண்டு, உங்க 9 இஞ்ச் சுவத்துக்கு எவ்வளவு ஆகும்னு நீங்களே பார்த்துக்கோங்க. அடுத்த மழையையும் ஒரு தடவை பார்த்துட்டு, பெயிண்ட் உரியலைன்னா அப்புறம் தாராளமா பலகை அடிங்க. அந்த அண்ணன்கிட்டயும் இதையே சொல்லுங்க, கோவிச்சுக்க மாட்டார்.

கேள்வி: 9க்கு 8 அடி ரூம். நாலு சுவத்துக்கும் பலகை அடிச்சா ரிசார்ட் மாதிரி இருக்கும்னு பையன் ஆசைப்படறான். ரூம் இன்னும் சின்னதாயிடுமோன்னு யோசனையா இருக்கு.
(வாசகர், திருச்சி)

பதில்: சின்னதாகும் சார், அளவுலயும் ஆகும், கண்ணுக்கும் தெரியும். பலகையைத் தாங்க சுவத்துல முதல்ல அடிக்கிற மரச்சட்டம், அதாவது ரீப்பர், 20 மில்லிமீட்டர், அது மேல பலகை 12 மில்லிமீட்டர், ரெண்டும் சேர்ந்து ஒண்ணேகால் இஞ்ச். எதிர் எதிர் சுவத்துல அடிச்சா ரெண்டரை இஞ்ச் போச்சு. பெரிய ஹால்ல இது ஒரு கணக்கே இல்ல. உங்க ரூம்ல ஆறேகால் அடி கட்டிலைப் போட்டுட்டு பீரோ கதவைத் திறக்கணும்னா ரெண்டரை இஞ்ச் பெரிய விஷயம். அதோட கதவு நிலையும் ஜன்னல் நிலையும் சுவத்துக்கு உள்ள போன மாதிரி ஆயிடும், அதைச் சுத்தி தனியா பீடிங், அதாவது ஓரத்தை மறைக்கற மெல்லிசு மரப்பட்டி, கட்டி முடிக்கணும், வேலையும் காசும் அங்க தான் போகும்.

ஒரு சுவர் மட்டும் எடுத்துக்கோங்க. கதவைத் திறந்ததும் நேரா கண்ணுல படற சுவர், ஜன்னலோ கதவோ இல்லாத சுவரா இருந்தா ரொம்ப நல்லது. மத்த மூணுக்கும் வெள்ளையோ சந்தன நிறமோ அடிச்சிடுங்க. கூரை தாழ்வா இருந்தா பலகையை நெட்டுக்குத்தலா அடிங்க, உயரமா தெரியும். ரூம் குறுகலா நீளமா இருந்தா அந்தக் குறுகின சுவத்துல படுக்கை வசமா அடிங்க, அகலமா தெரியும். நிறம் வெளிர் நிறமாவே இருக்கட்டும், ஒரே ஒரு ஜன்னல் இருக்கற ரூம்ல தேக்கு கலர் டார்க் பாலிஷ் போட்டா பகல்லயே லைட் போட வேண்டி வரும். பையனுக்கு ரிசார்ட் மாதிரி தானே வேணும், அந்த ஒரு சுவத்துக்கு மேல இருந்து மஞ்சள் வெளிச்சம் விழற மாதிரி ஒரு எல்.இ.டி. ஸ்ட்ரிப் போட்டுக் கொடுங்க, சந்தோஷப்படுவான்.

கேள்வி: அண்ணா, நானே அடிக்கலாம்னு இருக்கேன். டிரில் மெஷின் இருக்கு, ஜிக்சா வாங்கிக்கறேன். சுவர் 10 அடி அகலம் 9 அடி உயரம், ஈரம் கிடையாது, மாடி ரூம். பைன் பலகை, நாக்கும் காடியும் எடுத்தது (ஒரு ஓரத்துல நீட்டி நிக்கற நாக்கு, மறு ஓரத்துல அது நுழையற பள்ளம்) கிடைக்குது, படுக்கை வசமா அடிக்கப் போறேன். ஆரம்பத்துல இருந்து சொல்ல முடியுமா?
(வாசகர், மதுரை)

பதில்: தாராளமா நீயே அடிக்கலாம் தம்பி, ஒரு சுவர்னா ஒரு லீவு வாரத்துல முடிஞ்சிடும், கூட ஒரு ஆள் மட்டும் இருக்கட்டும்.

முதல்ல பலகையை வாங்கிட்டு வந்ததும் அடிக்காத. எந்த ரூம்ல அடிக்கப் போறியோ அதே ரூம்ல, தரையில குச்சி வச்சு, பலகை, குச்சி, பலகைன்னு காத்து போற மாதிரி அடுக்கி ஒரு வாரம் விடு. மொட்டை மாடியில காய வைக்காத, வளைஞ்சிடும். மரம் காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும், விடும், அதனால அகலத்துல உப்பும், சுருங்கும், நீளத்துல மட்டும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். பைன்ல 4 இஞ்ச் பலகை மழைக்காலத்துக்கும் வெயில் காலத்துக்கும் நடுவுல ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் மாறும். ஒரு மில்லிமீட்டர் தானேன்னு தோணும், ஆனா உன் சுவத்துல 29 வரிசை வரப்போகுது, எல்லாத்தையும் நெருக்கி இறுக்கி ஒட்டிட்டா ஒரு இஞ்சுக்கு மேல தள்ளும், அப்போ தான் நடுவுல வயிறு மாதிரி உப்பி நிக்கும். அதனால பலகையைப் பசை போட்டு சுவத்தோட ஒட்டாத. நாக்குலயும் பசை வேண்டாம், ஒவ்வொரு பலகையும் அது அது காடிக்குள்ளயே நகர்ந்துக்கணும்.

அந்த ஒரு வாரத்துல பாலிஷ் வேலையை முடிச்சிடு. முன்பக்கம், பின்பக்கம், முக்கியமா அந்த நாக்கு, எல்லாத்துக்கும் ஒரு கோட் அடிச்சிடு. அடிச்ச பிறகு பாலிஷ் போட்டா நாக்கு உள்ள வெளுத்த மரமாவே இருக்கும், கோடையில பலகை சுருங்கும்போது ஒவ்வொரு இணைப்புலயும் வெள்ளைக் கோடு தெரியும். பின்பக்கத்தை விட்டுட்டா ஒரு பக்கம் மட்டும் ஈரம் இழுத்து பலகை குழியும்.

இப்போ ரீப்பர். பலகை படுக்கை வசம்னா ரீப்பர் நெட்டுக்குத்தல், பலகை நெட்டுக்குத்தல்னா ரீப்பர் படுக்கை. ரெண்டு இஞ்ச் அகலம், பேருக்கு ஒரு இஞ்ச் கனம் (இழைச்சது 20 மில்லிமீட்டர்) இருக்கற ரீப்பர் வாங்கு, உனக்கு 16 இஞ்சுக்கு ஒண்ணு வச்சா நல்லா கெட்டியா இருக்கும், கையால தட்டினா டொம் டொம்னு சத்தம் வராது. சுவத்துல பிடிக்க ராவல் பிளக்கும் (ஓட்டைக்குள்ள சொருகி ஸ்க்ரூவை இறுக்கிப் பிடிக்கற பிளக்) ரெண்டரை இஞ்ச் ஸ்க்ரூவும். ஏன் ரெண்டரைன்னா, ரீப்பர் 20 மில்லிமீட்டர், பூச்சு 15 மில்லிமீட்டர், அதுக்கு அப்புறம் செங்கல்லுக்குள்ள ஒரு இஞ்சுக்கு மேல போகணும், பூச்சுல மட்டும் நிக்கற ஸ்க்ரூ ஒரு நாள் மொத்தமா பேந்துட்டு வரும். உங்க வீடு ஏஏசி பிளாக் (காத்துக்குமிழ் உள்ள லேசான காங்க்ரீட் கல்) கட்டடம்னா சாதாரண பிளக் நிக்காது, அதுக்குன்னே நீளமான நைலான் பிளக் கேட்டு வாங்கு. ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலயும் நேர் கீழயும் டிரில் போடவே போடாத, வயர் பைப் அங்க தான் போகும்.

எந்த சுவரும் முழு மட்டமா இருக்காது, நம்ம ஊர் பூச்சு வேலையில கட்டாயம் இருக்காது. முதல்ல ரெண்டு ஓரத்து ரீப்பரை தூக்குக்குண்டு விட்டு நேரா நிறுத்திடு, அப்புறம் மேல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, கீழ ஒண்ணு இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரத்துக்கு நூல் கட்டு. நடு ரீப்பர் எல்லாம் அந்த நூலைத் தொட்டும் தொடாம நிக்கணும். பள்ளமா இருக்கற இடத்துல ரீப்பருக்குப் பின்னாடி பிளைவுட் துண்டு வச்சு தூக்கு, அட்டை வைக்காத, அட்டை ஈரம் இழுக்கும், கரையானுக்கும் பிடிக்கும். மொத்த வேலையில பாதி நேரம் இந்த ரீப்பர்லயே போனாலும் பரவாயில்ல தம்பி, இது சரியா இருந்தா பலகை தானா உட்காரும். கரையான் மருந்தையும் ரீப்பருக்கு நாலு பக்கமும், சுவத்து ஓட்டைக்கும் இப்பவே அடிச்சிடு, கையில கிளவுஸ், முகத்துல மாஸ்க், ஜன்னல் திறந்து வச்சு. அந்த ராத்திரி அந்த ரூம்ல யாரும் படுக்க வேண்டாம்.

பலகை எவ்வளவு வேணும்னு கேட்டா, 10க்கு 9ன்னா 90 சதுர அடி, வெட்டுக் கழிவுக்கு பத்து சதவீதம் சேர்த்து 100 சதுர அடின்னு வாங்கு, ஒரே லாட்ல வாங்கு. 10 அடி நீளப் பலகை கிடைச்சா நடுவுல இணைப்பே வராது, ஆனா உங்க மாடிப்படி திருப்பத்துல 10 அடி பலகை ஏறுமான்னு முதல்லயே அளந்து பார்த்துக்கோ.

அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு போடு. 9 அடி உயரம்ங்கறது 2743 மில்லிமீட்டர். மேலயும் கீழயும் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டா 2723. உன் பலகை நாக்கு போக 95 மில்லிமீட்டர் மூடும்னு வச்சுக்கோ, 28 முழுப் பலகை போக மிச்சம் 63 மில்லிமீட்டர், அது நல்ல அளவு, அப்படியே மேல வரட்டும். சில சுவத்துல மிச்சம் 10 மில்லிமீட்டர்னு வரும், அப்போ கடைசி வரிசை சிராய் மாதிரி ஆயிடும், அந்த மாதிரி வந்தா முதல் பலகையையும் கொஞ்சம் வெட்டி ரெண்டு ஓரத்துக்கும் பகிர்ந்துக்கணும்.

முதல் பலகை காடி கீழ, நாக்கு மேல. ரசமட்டம் வச்சு பார்த்து, திரும்பவும் பார்த்து அடி, இது சாய்ஞ்சா மேல இருக்கற 28ம் சாயும். தரையோட மட்டத்தை நம்பாத. இந்த ஒரு பலகைக்கு மட்டும் கீழ் ஓரத்துல நேரா ஆணி அடிச்சுக்கலாம், சுவர் அடியில ஓடற பட்டி, அதாவது ஸ்கர்டிங், அதை மறைச்சிடும். அதுக்கு மேல எல்லாம் நாக்குல தான் ஆணி, ஒண்ணேகால் இஞ்ச் பேனல் பின், சாய்வா 45 டிகிரில, ஒவ்வொரு ரீப்பர்லயும் ஒண்ணு. அடுத்த பலகையோட காடி வந்து உட்காரும்போது ஆணி மறைஞ்சிடும். பலகை முனைகிட்ட மெல்லிசா ஒரு ஓட்டை போட்டுட்டு ஆணி அடி, இல்லைன்னா பைன் பிளந்துடும். பலகையை இறக்க சுத்தியலால நாக்கு மேல நேரா அடிக்காத, வெட்டி மிஞ்சின துண்டோட காடியை அது மேல மாட்டி அந்தத் துண்டைத் தட்டு. மழைக்காலத்துல அடிக்கறேன்னா நெருக்கியே போடலாம், பின்னாடி சுருங்கத் தான் போகுது. மதுரை சித்திரை வெயில்ல அடிக்கறேன்னா ஒவ்வொரு இணைப்புலயும் ஒரு மெல்லிசு அட்டை அளவுக்கு விட்டுப் போடு.

நாலு பக்கமும் அந்த 10 மில்லிமீட்டர் இடைவெளியை மறக்காத. பக்கவாட்டுல பீடிங் மறைச்சிடும். கீழ ஸ்கர்டிங்ல அங்கங்க சின்ன ஓட்டை விட்டு, மேலயும் கூரையோட ஒட்டாம ஒரு இடைவெளி விட்டேன்னா பின்னாடி காத்து ஏறி இறங்கும். ரீப்பர் நெட்டுக்குத்தலா இருக்கறதால உனக்கு இது சுலபம். நெட்டுக்குத்தல் பலகை போடறவங்க படுக்கை ரீப்பரை ஒரே நீளமா போடாம நடுநடுவுல ரெண்டு இஞ்ச் விட்டு விட்டுப் போடணும்.

கேள்வி: ஸ்விட்ச் போர்டு இருக்கற சுவத்துல அடிக்கறோம். போர்டை மட்டும் விட்டுட்டு சுத்தி வெட்டிட்டா போதும்னு சொல்றாங்க, சரியா?
(வாசகி, ஆவடி)

பதில்: சரியில்லம்மா. போர்டு ஒண்ணேகால் இஞ்ச் பள்ளத்துல போயிடும், பிளக் சரியா உட்காராது, அரைகுறையா சொருகினா சூடாகும், சுத்தி இருக்கறது மரம். எலக்ட்ரீஷியனை வரவச்சு எம்.சி.பி. ஆஃப் பண்ணிட்டு, பாக்ஸையே பலகை மட்டத்துக்கு முன்னாடி கொண்டு வரச் சொல்லுங்க. வயர் நீளம் பத்தலைன்னா ஜாயின்ட் போட்டு பலகைக்குப் பின்னாடி தொங்க விடறது மட்டும் கூடவே கூடாது, எந்த இணைப்பும் திறந்து பார்க்கற மாதிரி பாக்ஸுக்குள்ள தான் இருக்கணும். சாமி படம் அந்த சுவத்துலயே வைக்கறதா எழுதியிருந்தீங்க. படம் வைங்க, விளக்கும் கற்பூரமும் வேற சுவத்துக்கு மாத்திடுங்க, தயவு பண்ணி.

கேள்வி: மரமா, தண்ணி தாங்கற மரைன் பிளைவுட்டா, மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூ.பி.சி. பலகையா? வீடு கடற்கரையில இருந்து பக்கம்.
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: ஒவ்வொண்ணுக்கும் ஒரு இடம் இருக்கு சார். தேக்குல வைரம் பாய்ஞ்ச பகுதின்னா கரையான் லேசுல தொடாது, அதே தேக்குல ஓரத்து வெள்ளைப் பகுதியைத் தின்னுட்டுப் போயிடும், கடையில தேக்குன்னு சொன்னதும் காசைக் கொடுத்துடாம ரெண்டு பக்கமும் திருப்பிப் பாருங்க. பழைய வீடு இடிச்ச தேக்குப் பலகை கிடைச்சா விடாதீங்க, அது ஏற்கனவே பல வருஷம் காய்ஞ்ச மரம், இழைச்சு எடுத்தா வர்ற அந்த நிறம் புது மரத்துல வராது. ஆணி எல்லாம் பிடுங்கிட்டு மில்லுக்கு அனுப்புங்க.

பிளைன்னா ஐ.எஸ். 710 முத்திரை இருக்கான்னு பாருங்க, அது தான் மரைன். ஐ.எஸ். 303ல எம்.ஆர்.னு போட்டிருந்தா அது கமர்ஷியல், வெறும் காத்து ஈரம் தாங்கும், சுவத்து ஈரம் தாங்காது. எம்.டி.எஃப். (மரநாரை பசையோட அழுத்திச் செஞ்ச பலகை) உங்க ஊர் ஈரக் காத்துக்கு வேண்டாம், ஓரம் ஒரு தடவை உப்பினா திரும்பி வராது. டபிள்யூ.பி.சி., பி.வி.சி. லூவர் (பட்டை பட்டையா வரி விழுந்த பிளாஸ்டிக் பலகை) எல்லாம் கரையான் தின்னாது, தண்ணிக்கும் பயம் இல்ல, பாத்ரூமை ஒட்டின சுவத்துக்கு நானே அதைத் தான் சொல்வேன். ஆனா மரத்தோட வாசனையும், கை வச்சா இருக்கற அந்த இதமும் அதுல கிடைக்காது. படுக்கை ரூமுக்கு எனக்கு மனசு மரத்துக்குத் தான் போகும். எதை எடுத்தாலும் ஸ்க்ரூ எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வாங்குங்க, கடல் காத்துல சாதாரண ஸ்க்ரூ துருவேறி பலகையில கறுப்பா கறை இறங்கும்.

கேள்வி: எங்க தோட்டத்துல சில்வர் ஓக் மரம் இருக்கு. அதையே வெட்டி அறுத்து பெட்ரூம் சுவத்துக்கு அடிக்கலாமா? குளிருக்கு இதமா இருக்கும்.
(வாசகர், கோத்தகிரி)

பதில்: சில்வர் ஓக் பலகைக்கு நல்ல மரம் தான், ரேகை ரொம்ப அழகா விழும். ஆனா உங்க தோட்டமாவே இருந்தாலும் நேரா கோடாலியை எடுத்துடாதீங்க. மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955ல இருந்தே இருக்கு, முதல்ல வனத்துறை ஆபீஸ்ல கேட்டு அனுமதி வாங்கணும். வெட்டின பச்சை மரத்தை அறுத்த உடனே அடிச்சா முறுக்கிக்கும், வெடிக்கும். உங்க ஊர் குளிர்லயும் மூடுபனியிலயும் ஒரு இஞ்ச் பலகை நிழல்ல காயவே மாசக்கணக்கா ஆகும், அவசரம்னா சீசனிங் சேம்பர் (மரத்தைச் சூடு காத்துல காய வைக்கற அறை) இருக்கற மில்லுல கொடுங்க.

இன்னொண்ணு, குளிர்ப் பிரதேசத்துல வெளிச்சுவர் ஜில்லுனு இருக்கும். ராத்திரி ஜன்னலைச் சாத்திட்டு நாலு பேர் தூங்கும்போது மூச்சுக் காத்துல இருக்கற ஈரம் பலகை இடுக்கு வழியா போய் அந்த ஜில்லு சுவத்துல தண்ணியா படியும், பூசணம் பிடிக்கும். அதனால முடிஞ்சா உள்சுவத்துல அடிங்க. வெளிச்சுவத்துல தான் அடிக்கணும்னா ரீப்பர் நடுவுல தெர்மோகோல் வச்சு, அதுக்கு மேல ரூம் பக்கமா பாலிதீன் ஷீட் ஓட்டை இல்லாம விரிச்சு, அது மேல பலகை போடுங்க.

கேள்வி: வாடகை வீடு. ஓனர் ஒரு ஆணி கூட அடிக்க விட மாட்டார். ஆசை மட்டும் இருக்கு.
(வாசகி, கோவை)

பதில்: ஆசையை விட வேண்டாம்மா, சுவத்தைத் தொடாமயே பண்ணலாம். கட்டில் அகலத்துக்கு, நாலு அடி உயரத்துக்கு ரீப்பர்ல ஒரு சட்டம் அடிச்சு அது மேல பலகை போட்டு, அந்த சட்டத்தை கட்டில் தலைமாட்டோட ரெண்டு பக்கமும் போல்ட் போட்டு முடுக்கிடுங்க. சுவத்துக்கும் அதுக்கும் ஒரு இஞ்ச் இடைவெளி இருக்கட்டும். வீடு மாறும்போது நாலு போல்ட்டைக் கழட்டினா கட்டிலோடயே வண்டியில ஏறிடும். தனியா சாய்ச்சு மட்டும் வைக்காதீங்க, குழந்தைங்க பிடிச்சு இழுத்தா விழுந்துடும்.